தொள்ளாயிரம் நொடி

சாயங்காலமே முதுநகர் துறைமுகத்தில்
மூன்றாம் எண் கூண்டை இறக்கி
ஏழாம் எண் ஏற்றிவிட்டார்கள்.
கரை திரும்பாத படகு நாற்பத்தொன்று.

மீன்வளத்துறை மாடியில் ஒரே ஒரு சர்வர்.
பத்து நிமிடத்துக்கொரு தரம்
ஒவ்வொரு படகின் கருவியும் அதனிடம்
இங்கேதான் இருக்கிறேன் என்று சொல்லும்.
இரவு ஒன்றேகாலுக்கு அது
காது கேளாதது போல் நடிக்க ஆரம்பித்தது.

பாடலீஸ்வரி பதிவேட்டைத் திறந்தாள்.
அட்டவணை நிரம்பிவிட்டது, வருவதைக் கைவிடுகிறேன்.
அதே வரி. அதே வரி. திரை முழுக்க அதே வரி.

யார் நிரப்பியது?
தேவனாம்பட்டினம், சோனாங்குப்பம், தாழங்குடா,
அக்கரைகோரி, இராசாப்பேட்டை,
கைபேசி உள்ள அத்தனை பேரும்
வரைபடத்தைத் திறந்து மூடித் திறந்து
தன் வீட்டுப் புள்ளி நகர்கிறதா என்று பார்க்கிறார்கள்.
இருப்பதே அறுபத்தைந்தாயிரம் சொச்சம் இடம்.
தேடுகிறவர்களே உட்கார்ந்துவிட்டார்கள்.
அலையில் தொடர்பு அறுந்து
மறுபடி வாசலுக்கு வரும் படகு
வெளியே நிற்கிறது.

"ஒருவாட்டி ஆஃப் பண்ணிப் போட்டுடேம்மா"
என்றார் தாவூத் மரைக்காயர்.
போடலாம். ஏழு நிமிடத்தில் எழுந்துவிடும்.
ஆனால் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கும் பதினேழும் அறுந்துபோகும்,
அறுந்த கருவி பாட்டரியை மிச்சம் பிடித்து
அரை மணி கழித்துத்தான் மறுபடி கூப்பிடும்.

"ஓடும்போதே கர்னல்ல கை வைக்கிறேன் சார்."

வாசலில் குடை மடக்கிய வாட்ச்மேன் அஞ்சாப்புலி
பட்டாளத்து அதிகாரி யாரோ வந்திருப்பதாக நினைத்து
மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

உலை கொதிக்கிறது.
பானையை இறக்காமல்
விறகை மட்டும் இழுக்க வேண்டும்.

கோப்பு மாதிரி தெரியும், கோப்பு இல்லை.
ஓர் எண்ணை எழுதினால்
அந்தக் கணமே சட்டம்.
நினைவகத்தில் மிச்சம் எவ்வளவு என்று இருமுறை பார்த்துவிட்டு
அட்டவணையை நான்கு மடங்காக்கினாள்.
விசிறி ஒரு சுற்று உறுமி அடங்கியது.

அப்புறம் மறதி.
பேச்சை நிறுத்திவிட்டுப் போனவனுக்கும்
ஐந்து நாள் இடம் பிடித்து வைத்திருக்கிறது இயந்திரம்.
விருந்தும் மருந்துமே மூன்று நாள்தான்.
"முந்நூறு நொடி வை" என்றார் தாவூத்.
பத்து நிமிடத்துக்கொரு தரம் பேசுகிறவனை
ஐந்தில் மறப்பதா?
தொள்ளாயிரம் என்று அடித்தாள்.
என்டர் விசைமேல் விரல் கொஞ்சம் நின்றது.

இரண்டு மணிக்குள் ஒவ்வொன்றாக வந்தன.
ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மீதி நொடி:
தொள்ளாயிரத்திலிருந்து இறங்கும்,
முந்நூறு பக்கம் வரும்போது படகு பேசும்,
மறுபடி தொள்ளாயிரம்.

சிங்காரத்தோப்பு 1187 மட்டும்
முந்நூறில் நிற்கவில்லை.

இருநூற்றுப் பதினொன்று.
இறங்கத் தொடங்கிய எண்ணுக்கு
இனி எந்தச் சட்டம் மாற்றினாலும் செல்லாது.
அது பேசினால்தான் உண்டு.
நூற்று நாற்பது.
தாவூத் டீயை வாயருகே வைத்து மறந்திருந்தார்.
கீழே யாரோ ஷட்டரைத் தட்டினார்கள், ஒரு பெண் குரல்,
அஞ்சாப்புலி இறங்கிப் போனார்.
அறுபத்துமூன்று.
ஐம்பது.
முப்பத்தெட்டு.

தொள்ளாயிரம்.

ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.
ஜன்னல் இடுக்கில் வந்த தண்ணீரை
பாடலீஸ்வரி பழைய ஏலப் பட்டியலால் ஒற்றினாள்.

விடியும்போது தாவூத் கேட்டார்:
"நிரந்தரமா எழுதிட்டியா?"
அட்டவணையின் அளவை எழுதிவிட்டாள்.
ஐந்து நாளைக் குறைத்ததை எழுதவில்லை.
ஏன் என்று அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை,
அவளிடமும் தெளிவான பதில் இல்லை.

மின்விளக்கு ஒருமுறை மங்கி மீண்டது.
திரையின் ஓரத்தில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டிவிட்டு
பஸ்ஸுக்கு இறங்கினாள்:

கரண்ட் போய் வந்தால்
மறுபடி 900 போடவும்.
படகு எல்லாம் வரும்வரை மட்டும்.